எயார் பிஸ்டல் வீட்டில கழட்டேக்க சின்னச் சின்ன ஸ்பிரிங், பின் துலையாம எப்பிடி வேலை செய்றது?

உவர்மலையான்:

வணக்கம், திருகோணமலையில இருந்து கேக்கிறன். தம்பி 10 மீற்றர் எயார் பிஸ்டல் பழகிறான், அவன்ட பயிற்சிக்கு எண்டு ஒரு பழைய 4.5 மில்லிமீற்றர் சீஓடூ (CO2) பிஸ்டல் இருக்கு, 12 கிராம் கேஸ் குப்பி போடுறது. லைசன்ஸ் பேப்பர் விசயமெல்லாம் சரி, அதில பிரச்சினை இல்ல. பிரச்சினை என்னெண்டா புதுக்குப்பி போட்டா விடியிறதுக்குள்ள கேஸ் முழுக்க இறங்கிடுது, ட்ரிகரும் நறநற எண்டு இழுபடுது, உள்ளுக்க தூசியும் உப்புக்காத்தும் போயிருக்கு போல. இஞ்ச இதத் திருத்துற ஆக்கள் எனக்குத் தெரிஞ்சு இல்ல, கொழும்புக்கு அனுப்பினா எப்ப திரும்பி வரும் எண்டும் இல்ல, அதால நானே ஓ-ரிங் (கேஸ் போகாம அடைக்கிற றப்பர் வளையம்) மாத்தி ட்ரிகரையும் கழட்டிக் கழுவிப் பூட்டலாம் எண்டு யோசிக்கிறன். மோட்டர் சைக்கிள் காபரேட்டர் எல்லாம் நான்தான் கழட்டிப் பூட்டுறது, ஸ்பானர் பிடிச்சுப் பழகின கைதான். ஆனா இதின்ட வரைபடத்தப் பாத்தன், அரிசி அளவில ஸ்பிரிங்குகள், ஒரு குட்டி எஃகு உருண்டை, ஈ-கிளிப் (E வடிவத்தில இருக்கிற குட்டித் தகட்டுக் கிளிப்), பின்னுகள் எண்டு ஒரே பொடிச்சாமான். ஒண்டு பறந்து கட்டிலுக்குக் கீழ போனா அவ்வளவுதான், பழைய மொடல், பார்ட்ஸ் எங்கயும் எடுக்கேலாது. திறக்க முதலே கேக்கிறன், நீங்கள் எப்பிடிச் செய்றீங்கள்?

நிலாவெளி ரீல்:

தம்பி, நான் துவக்குக்காரன் இல்ல, தூண்டில் ரீல் திருத்துறனான், சுற்றுலா வாற ஆக்கள்ட ரீலும் எங்கட பொடியள்ட ரீலும் உப்பேறி இறுகி வரும், அதுக்குள்ளயும் இதே மாதிரித்தான் குட்டி ஸ்பிரிங்கும் தலைமுடி தடிப்பு வாஷரும். நான் சொல்றது ஒண்டுதான், சாமான் பறக்காம வேலை செய்ய ஒருத்தராலயும் ஏலாது, பறந்தா எங்க போய் விழும் எண்டத நீங்கள் முதலே தீர்மானிச்சு வைக்கலாம். பெரிய கண்ணாடிப் பொலித்தீன் பை ஒண்டு எடுங்கோ, உடுப்புக் கடையில பெட்சீற் போட்டுத் தாற மாதிரி உள்ளுக்க தெரியிற பை. ஸ்பிரிங் இருக்கிற பக்கத்தத் திறக்கிற அந்த நேரம் மட்டும் சாமானையும் ரெண்டு கையையும் மணிக்கட்டு மட்டும் பைக்குள்ள விட்டுத் திறவுங்கோ. பறந்தாலும் பைக்குள்ளதான். முழு வேலையையும் பைக்குள்ள செய்யத் தேவையில்ல, வேர்த்து விறுவிறுத்து ஒண்டும் தெரியாமப் போயிடும்.

மேசையில வெள்ளை டவல் விரியுங்கோ, பூப்போட்டது வேண்டாம். டவல்ல விழுற உருண்டை உருளாது, வெறும் மேசையில விழுந்தா ஓடிடும். கழட்டிற ஒவ்வொண்டையும் ஐஸ் கட்டி வைக்கிற ப்ளாஸ்டிக் ட்ரேயில வரிசைப்படி போடுங்கோ, முதல் குழியில முதல் கழட்டினது, பூட்டேக்க கடைசியில இருந்து வாங்கோ. சிலபேர் முட்டை ட்ரே பாவிக்கிறவை, அந்த மட்டை நார் ஒயில்ல ஒட்டி உள்ளுக்க போகும், எனக்கு அது பிடிக்காது. ஒவ்வொரு படிக்கும் ஃபோன்ல ஒரு படம், கழட்ட முதல் ஒண்டு, கழட்டின பிறகு ஒண்டு, ஸ்பிரிங்கின்ட எந்தக் கால் எந்தப் பக்கம் நிண்டது எண்டு தெரியிற மாதிரிக் கிட்டப் பிடிச்சு எடுங்கோ. காந்தத் தட்டு ஒண்டு வாங்கினா இன்னும் நல்லம்.

பத்து மீற்றர்:

ரீல் அண்ணை சொன்னது அவ்வளவும் சரி, காந்தத் தட்டு மட்டும் ட்ரிகர் சாமானுக்கு வேண்டாம் எண்டு சொல்லுவன். ட்ரிகரும் அது கொளுவுற சியரும் (ட்ரிகர் இழுக்கும் வரை சுடாமப் பிடிச்சு வைக்கிற கொக்கி) எஃகு, காந்தம் ஏறினா பிறகு நுண்ணிய இரும்புத்தூளை இழுத்து வச்சுக்கொள்ளும், உரசுற விளிம்பில தூள் நிண்டா அதே நறநறப்புத் திரும்பி வரும். காந்தத்த தேடுறதுக்கு வச்சிருங்கோ.

இனி சாமானுக்கு முதல் ஆக்களப் பாப்பம். குப்பி உள்ளுக்க இருக்கேக்க ஒரு ஸ்குறூவிலயும் கை வைக்க வேண்டாம். குண்டு இல்ல எண்டு குண்டு போடுற பக்கத்தால குழலையும் பாத்து, ஆள் இல்லாத பக்கம் மண் மூட்டையப் பாத்துப் பிடிச்சு, மிச்சக் கேஸ் முடியிற வரைக்கும் வெறுமனச் சுட்டு, பிறகு மூடிய மெல்ல மெல்லத் திருகி எடுங்கோ. எங்கட வெக்கையில, 30 பாகையில, குப்பிக்குள்ள 70 பாருக்கு மேல அழுத்தம் நிக்கும், கார் டயருக்குள்ள ரெண்டு சொச்சம் பார்தான். சீறிக்கொண்டு வாற கேஸ் கடுங்குளிர், தோல்ல பட்டா சுட்ட மாதிரிப் பொங்கும். கண்ணுக்குக் கண்ணாடி போடாம இந்த வேலை இல்ல, ஸ்பிரிங் பறந்து கட்டிலுக்குக் கீழ போனா தேடலாம், கண்ணுக்குள்ள போனா என்ன செய்றது.

அடுத்தது, எது இழுபட்டு நிக்குது எது சும்மா கிடக்குது எண்டு வரைபடத்தப் பாத்து முதலே சிவப்புப் பேனையால அடையாளம் போடுங்கோ. பயப்பட வேண்டியது இழுபட்டு நிக்கிறதுக்கு மட்டும்தான், அது பொதுவா நாலைஞ்சு இடம்தான் வரும், மத்தது எல்லாம் சும்மா ஸ்குறூவும் மூடியும். அந்த இடங்கள் வரேக்கதான் பை, அப்பதான் மூச்சைப் பிடிச்சு மெல்ல. ஸ்பிரிங்குக்கு நடுவால தையல் நூல் ஒண்டக் கோத்து முடிஞ்சு விட்டா அது எங்க போனாலும் நூல் காட்டும், பூட்டினாப் பிறகு நூலை வெட்டி உருவி எடுக்கலாம். உருண்டைக்கும் அதின்ட குழிக்கும் ஒரு பொட்டுக் கிறீஸ் வையுங்கோ, தலைகீழாப் பிடிச்சாலும் விழாது. ஈ-கிளிப் கழட்டேக்க ஒரு விரலால மேல அமத்திப் பிடிச்சுக்கொண்டு மற்றக் கையால தள்ளுங்கோ.

ட்ரிகர் பின் தட்டி எடுக்கிறதுதான் கூடப் பேர் சிக்குப்படுற இடம். பின்னை உருவின உடன ட்ரிகர் ஒரு பக்கம், ஸ்பிரிங் ஒரு பக்கம், வாஷர் ஒரு பக்கம் எண்டு குலைஞ்சிடும், திரும்ப எல்லாத்தையும் ஒரு நேர்கோட்டில பிடிச்சுப் பூட்ட மூண்டாவது கை வேணும். அதுக்கு ஒரு வழி இருக்கு. சைக்கிள் ஸ்போக் கம்பி பெரும்பாலும் 2 மில்லிமீற்றர் தடிப்பு, உங்கட பின்னும் அதே அளவெண்டா ட்ரிகரின்ட அகலத்துக்குக் கொஞ்சம் கட்டையா ஒரு துண்டு வெட்டி ரெண்டு முனையையும் அரத்தால உருட்டி எடுங்கோ. பின்னைத் தள்ளேக்க இந்தத் துண்டால பின்னால பிடிச்சுத் தள்ளுங்கோ, பின் வெளிய வரேக்க துண்டு அதின்ட இடத்தில போய் நிக்கும், ட்ரிகரும் ஸ்பிரிங்கும் குலையாம ஒரே கட்டா வெளிய வரும். பூட்டேக்க அந்தக் கட்டை அப்பிடியே வச்சு உண்மையான பின்னை வச்சுத் துண்டை வெளிய தள்ளுங்கோ. பின் அளவு வேறயெண்டா அதுக்குத் தக்க ஆணியோ கம்பியோ பாருங்கோ, இறுக்கமா இருக்கக் கூடாது, லேசா வழுக்கோணும்.

ட்ரிகர் பாரம் சரிபண்ணுற குட்டி ஸ்குறூ இருந்தா அதக் கழட்ட முதல் உள்ளுக்க முட்டும் வரை திருகி எத்தினை சுத்து எண்டு எழுதி வச்சிட்டுக் கழட்டுங்கோ, பூட்டேக்க அதே சுத்தில நிப்பாட்டலாம். தம்பி போட்டிக்குப் பழகிறார் எண்டா 10 மீற்றர் எயார் பிஸ்டலுக்கு ட்ரிகர் பாரம் ஆகக் குறைஞ்சது 500 கிராம் இருக்கோணும் எண்டது சட்டம், லேசாக்க வேணும் எண்டு சியரின்ட விளிம்பை மட்டும் தேய்க்க வேண்டாம், ஒருக்காத் தேய்ச்சதத் திரும்பக் கொண்டுவரேலாது, கை தட்டின உடன வெடிக்கிற பிஸ்டல் ஆருக்கும் வேண்டாம்.

உவர்மலையான்:

அருமை, ஸ்போக் கம்பி விசயம் நான் கேள்விப்படவே இல்ல. ரெண்டு கேள்வி அண்ணை. இப்ப கச்சான் காத்து (தென்மேற்கில இருந்து வாற வெக்கைக் காத்து) நேரம், ஃபான் போடாம ரெண்டு நிமிசம் இருக்கேலாது, போட்டா சின்னச் சாமான் எல்லாம் ஆடுது, யன்னல் திறந்தா தூசி. மற்றது, ஓ-ரிங் எங்க எடுக்கலாம்?

பட்டறைப்பிள்ளை:

அண்ணா, முதல் கேள்விக்கு நான் சொல்றன். எங்கட வீட்டில நகைப் பட்டறை, அப்பா பத்தர் வேலை, சின்ன வயசில இருந்து பாத்து வளந்தனான், பொன்னில ஒரு துகள் போனாலும் காசு எண்டதால அங்க எல்லாமே சாமான் துலையாத மாதிரித்தான் அமைச்சிருக்கும். ஃபானுக்கு அப்பா வச்சிருந்த வழி, நுண்ணிய வேலை எல்லாம் விடியக்காலமை, கச்சான் கிளம்ப முதல். கோயில் மணி கேக்கிற நேரம் தொடங்கினா எட்டு மணிக்குள்ள கஷ்டமான பகுதி முடிஞ்சிடும், வெயில் ஏறின பிறகு துடைக்கிறது, ஒயில் போடுறது மாதிரி வேலையச் செய்யலாம். வேர்வையும் பாருங்கோ, வேர்த்த விரல் பட்ட எஃகு எங்கட ஊர்க் காத்துக்கு மற்றநாளே பழுப்பு நிறமாகும், பக்கத்தில ஒரு காய்ஞ்ச துணி வச்சுத் துடைச்சுத் துடைச்சுத் தொடுங்கோ.

பட்டறையில இன்னொண்டு பாத்திருப்பீங்கள், வேலை செய்ற ஆள்ட மடிக்கும் மேசைக்கும் இடையில ஒரு தோல் இல்லாட்டித் துணி தொட்டில் மாதிரித் தொங்கும். கையால நழுவினது நிலத்துக்குப் போகாது, அதுக்குள்ளதான் விழும். வெள்ளைப் பெட்சீற் ஒண்டின்ட ஒரு பக்கத்த மேசை விளிம்பில ஒட்டி மற்றப் பக்கத்த இடுப்பில செருகிக்கொண்டு இருங்கோ. எழும்ப முதல் அதப் பாத்துத் தட்டிட்டு எழும்போணும், அது பழக்கமா வரோணும், அவசரத்தில எழும்பினா இவ்வளவும் வீண். வேலை தொடங்க முதலே நிலத்தையும் நல்லாக் கூட்டி விடுங்கோ, கூட்டின நிலத்தில கிடக்கிறது எல்லாம் உங்கட சாமான்தான்.

எல்லாத்தையும் மீறி ஒண்டு துலைஞ்சா நடக்க வேண்டாம், காலில ஒட்டிக்கொண்டு போயிடும். லைட்டெல்லாம் நூத்திட்டு ரோச்சை நிலத்தோட படுக்க வச்சு அடியுங்கோ, ஒரு மணல் அளவு சாமானும் நீளமா நிழல் விடும். அப்பவும் இல்லையெண்டா சுவர்க்கரையில இருந்து நடுவுக்கு மெல்லக் கூட்டி, அந்தக் குப்பைய வெள்ளைத் தாள்ல பரப்பி, காந்தத்தப் பொலித்தீன்ல சுத்தி மேலால கொண்டு போங்கோ, பொலித்தீன உருவினா பிடிபட்டது அப்பிடியே விழும். பித்தளை வாஷரும் ஓ-ரிங்கும் காந்தத்துக்கு வராது, அத கண்ணாலதான் தேடோணும். குப்பைய அண்டைக்கே எறிய வேண்டாம், பட்டறையில கூட்டின தூசிய நாங்கள் எறியிறதே இல்ல.

நிலாவெளி ரீல்:

பிள்ளை சொன்ன மடித்துணி நல்ல யோசினை, நானும் ரீல் வேலைக்குப் போடப்போறன்.

ஓ-ரிங் அவுட்போட் எஞ்சின் திருத்துற இடங்களிலயும் மோட்டர் பார்ட்ஸ் கடையளிலயும் கேட்டுப் பாருங்கோ, அளவு சொன்னா பெட்டிய எடுத்துக் காட்டுவினம்.

பத்து மீற்றர்:

அளவு எடுக்கேக்க கவனம். கழட்டின பழைய ஓ-ரிங்க அளந்து வாங்க வேண்டாம், சாதாரண கறுப்பு நைட்ரைல் ஓ-ரிங் சீஓடூவ உறிஞ்சி ஊதிப்போய் இருக்கும், கழட்டின உடன பாத்தா குழிக்குள்ளயே அடங்காது, ஒருநாள் வெளிய வச்சா திரும்பச் சுருங்கும். ஓ-ரிங் இருக்கிற குழியின்ட விட்டத்தையும் அகலத்தையும் வேர்ணியரால அளந்து அதுக்குத் தக்கதா எடுங்கோ. பொலியூரித்தேன் கிடைச்சா அது நல்லம், சீஓடூவுக்கு நல்லாத் தாங்கும். அளவுக்கு ரெண்டு மூண்டு வாங்கி வையுங்கோ, விலை பெரிசில்ல.

பழசை ஊசியால கிண்டி எடுத்தா குழியில கீறல் விழும், பிறகு புதுசு போட்டாலும் கேஸ் போகும், பல்லுக் குத்துற குச்சி போதும். புதுச திருகுப் பல்லுக்கு மேலால ஏத்தேக்க பல்லு அறுக்கும், குளிர்பானம் குடிக்கிற ஸ்ட்றோவில ஒரு துண்டு வெட்டிப் பல்லை மூடிட்டு அதுக்கு மேலால வழுக்கி விடுங்கோ. சிலிக்கோன் ஒயில் ஒரு துளி. பெற்றோல்ல கழுவுறது எண்டா உலோகச் சாமான மட்டும், றப்பர அதுக்குள்ள போட வேண்டாம். தேங்காய் எண்ணெய் எந்த இடத்திலயும் வேண்டாம், நாள் போகப் போகப் பிசினாகும். ட்ரிகர் பின்னுகளுக்குத் தையல் மெசின் ஒயில் ஊசி முனையில தொட்டு வச்சாக் காணும், கூட விட்டா தூசிதான் வந்து ஒட்டும்.

பூட்டி முடிச்ச உடன குப்பி போட வேண்டாம். கேஸ் இல்லாம, குண்டு இல்லாம கொக் பண்ணி (சுடுறதுக்குத் தயாரா இழுத்து வச்சு) சேஃப்டியப் போட்டு ட்ரிகர இழுத்துப் பாருங்கோ, விடக் கூடாது. சேஃப்டிய எடுத்திட்டுப் பிடிய உள்ளங்கையால நாலு தட்டுத் தட்டிப் பாருங்கோ, ஒருக்காவும் தானா விடக் கூடாது. விட்டா திரும்பக் கழட்டுங்கோ, ஸ்பிரிங் கால் மாறி நிக்கும், படத்தோட ஒத்துப் பாருங்கோ. இது சரியெண்டா குப்பியப் போட்டு ஓ-ரிங் பக்கத்தில சவர்க்காரத் தண்ணி ஒரு சொட்டு வையுங்கோ, குமிழி வராட்டிச் சரி. ராத்திரி அப்பிடியே வச்சிட்டு விடியச் சுட்டுப் பாத்து இஞ்ச வந்து சொல்லுங்கோ, குமிழி வந்தா எந்த இடத்தில எண்டு படம் போடுங்கோ, பாப்பம்.

உவர்மலையான்:

எல்லாருக்கும் நன்றி. ஞாயிறு விடிய தொடங்கிறன். பை, டவல், ஐஸ் ட்ரே வீட்டிலயே இருக்கு, ஸ்போக் துண்டும் கண்ணுக்குப் போடுற கண்ணாடியும் நாளைக்கு எடுக்கிறன், ஓ-ரிங்குக்கு முதல் குழிய அளந்திட்டுத்தான் கடைக்குப் போவன்.