செப்பாங் கார் ஓட்டத்துக்கு ஷூவும் கையுறையும்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்

அண்ணன்மாரே, அக்காமாரே, வணக்கம். என்னிடம் இருப்பது டொயோட்டா ஜிஆர்86, மேனுவல் கியர். அடுத்த மாதம் செப்பாங் பந்தயத் தடத்தில் டிராக் டே (சொந்தக் காரைத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள்) போகிறேன். 5.543 கிலோமீட்டர், 15 வளைவு. இதுவரை ஓட்டுவது சாதாரண ஜாகிங் ஷூவில்தான். சாலைக்கு அது போதும். ஆனால் பிரேக்கை மிதித்துக்கொண்டே பாதத்தின் ஓரத்தால் ஆக்சிலரேட்டரைத் தட்டிக் கியரைக் குறைக்கும்போது தொல்லை. அடிப்பாகம் தடிமனாக, பஞ்சு மாதிரி இருப்பதால் பிரேக்கில் எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றே தெரிவதில்லை. அகலமான ஓரம் வேறு இடிக்கிறது.

ரேஸ் ஷூவில் அடி மெல்லிசாக, குதிகால் உருண்டையாக இருக்கும், அது புரிகிறது. என் பாதம் கொஞ்சம் அகலம். ஸ்பார்கோ, ஆல்பைன்ஸ்டார்ஸ் பிராண்ட் ஷூ போட்டவர்கள் இருந்தால், ஒரு சைஸ் பெரிதாக வாங்க வேண்டுமா என்று சொல்லுங்கள். கோலாலம்பூர் பக்கம் போட்டுப் பார்த்து வாங்க எங்காவது கடை உண்டா?

அப்புறம் கையுறை. இந்த வெயிலில் உள்ளங்கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்குகிறது. கார்ட்டிங் கையுறை மலிவு, ஆனால் பெரும்பாலும் தீத்தடுப்புத் துணியில் வருவதில்லை. எஃப்ஐஏ 8856-2018 (சர்வதேசக் கார் பந்தயச் சம்மேளனத்தின் தீத்தடுப்புத் தரம்) முத்திரை உள்ளது விலை கூடுதல். சாதாரண டிராக் டேவுக்கு அது தேவையா? தையல் வெளிப்பக்கம் உள்ளதை எடுத்தால் விரலில் உறுத்தாது என்கிறார்கள், உண்மையா?

(“ஸ்டைலுக்குத்தானே” என்று வீட்டில் ஏற்கெனவே கிண்டல் செய்தாகிவிட்டது, அதை விட்டுவிடுங்கள்.)

பட்ஜெட் இரண்டுக்கும் சேர்த்து 1,000 ரிங்கிட்.