பெரியூட்டு சொந்தம்: கார்த்தி ஸ்டேட்டஸ் விவகாரம்

செல்வி அத்தை: [படம்]

செல்வி அத்தை: லட்சுமி இத பாத்தியா. காவேரிப்பட்டணத்துல இருந்து பொண்ணோட பெரியம்மா எனக்கே அனுப்பி, உங்க பையனுக்கு வாயில என்னாங்க ரத்தமான்னு கேக்கறாங்க. நான் என்னான்னு சொல்றது

லட்சுமி: ஐயோ

பிரபு துபாய்: 😂😂😂

முருகேசன் பெரியப்பா: ஞாயித்துக்கிழம பூ வெக்கப் போறோம். இப்ப போயி கருப்பு அங்கி.

செந்தில் சித்தப்பா: கீழ எழுதியிருக்கான் பாருங்க. "இன்று முதல் பெங்களூருக்கு நான்தான் பிரின்ஸ்"

முருகேசன் பெரியப்பா: எந்தக் கட்சி

மணி மாமா: பெங்களூரா இன்னிக்கி மண்டில என்ன வெல

செந்தில் சித்தப்பா: மாமா அது மாங்கா. இது ஊரு

மணி மாமா: ஓ

கார்த்தி: யாரும் பயப்படாதீங்க, அது விளையாட்டு. மாசத்துல ஒரு சனிக்கிழம 22 பேரு ஒரு ஹால் எடுத்து ஆடறோம். நாடகம் மாதிரி, ஆனா எழுதி வெச்ச வசனம் கெடையாது. ஆளாளுக்கு ஒரு வேம்பயர், அதான் ரத்தம் குடிக்கற காட்டேரி வேஷம். அமெரிக்காவுல 1991ல 'வேம்பயர்: தி மாஸ்கரேட்'னு மேசையில உக்காந்து ஆடற ஆட்டமா வந்துச்சு. 1993ல அதையே எழுந்து நடமாடி ஆடறதுக்கு விதி போட்டாங்க. ஒருத்தர் மேல ஒருத்தர் கை வெக்கக்கூடாது, நெஜக் கத்தி கூடாது. சண்ட வந்தா கல்லு, பேப்பர், கத்திரி போட்டு முடிவு பண்ணுவோம். நெஞ்சுல கைய குறுக்கால கட்டிட்டு ஒருத்தன் நடந்தா அவன் கண்ணுக்குத் தெரியலன்னு அர்த்தம். வாயில இருக்கறது பீட்ரூட் ஜூஸ்.

லட்சுமி: ஊட்ல பீட்ரூட் பொரியல் வெச்சா தட்ட தள்ளி வெக்கறான்

முருகேசன் பெரியப்பா: பிரின்ஸ்னா

கார்த்தி: ஒரு ஊர்ல இருக்கற வேம்பயர் எல்லாருக்கும் தலைவர். பொம்பளைங்க இருந்தாலும் அதே பேருதான். நம்ம ஊர்க்கவுண்டர்னு வெச்சுக்கங்க பெரியப்பா. கீழ செனஷல், அது மந்திரிக்கவுண்டர். ஷெரிப் நம்ம கோல்காரர் மாதிரி, ஆள இழுத்துட்டு வர்றது அவரு. வம்சத்துக்கு ஒரு பெரியவர் பிரைமோஜென், அவங்கெல்லாம் ஒண்ணு சேந்தா பிரின்ஸையே எறக்கிடலாம். நான் வென்ட்ரூ வம்சம். புதுசா யாரு ஊருக்குள்ள வந்தாலும் மொதல்ல பிரின்ஸ பாத்துப் பேரு சொல்லணும். அவர கேக்காம யாரையும் புதுசா வேம்பயர் ஆக்கக்கூடாது.

செல்வி அத்தை: அப்ப எங்க அண்ணனும் பிரின்ஸ்தான். தருமபுரிக்கு வந்துட்டு அவர பாக்காம போனா ஆறு மாசம் பேச்சு கெடையாது

பிரபு துபாய்: கேக்காம கல்யாணம் பண்ணா ஆறு வருஷம்

முருகேசன் பெரியப்பா: இந்தச் செய்தி அழிக்கப்பட்டது

செல்வி அத்தை: பிரபு வாய மூடு

திவ்யா: பாட்டி டைப் பண்ணச் சொல்றாங்க. "காட்டேரின்னா கேலியா. நம்ம குலசாமி கோயிலுக்கு வெளிய காட்டேரியம்மா நிக்கறா. வருஷா வருஷம் படையல் போடறோம். அந்தப் பய எலுமிச்சம்பழம் வெச்சுக் கன்னத்துல போட்டுக்கட்டும்"

கார்த்தி: சரி பாட்டி 🙏

முருகேசன் பெரியப்பா: தகடூர ஆண்ட அதியமான், ஆயுசு கூட்டற நெல்லிக்கனி கையில கெடச்சும் தான் திங்காம ஔவைக்குக் குடுத்தாரு. அந்த மண்ணுல பொறந்துட்டு நீ ஆயுசுக்கு ஊர் ரத்தம் குடிக்கறயா.

கார்த்தி: பீட்ரூட் பெரியப்பா

செந்தில் சித்தப்பா: எப்படிடா பிரின்ஸ் ஆன. பெரிய சண்டையா

கார்த்தி: அதான் ருசியே சித்தப்பா. ஒரு அடி விழல. ரத்தம், பல்லு எல்லாம் வேஷத்துக்குத்தான், பவர் பூராவும் கடன்ல இருக்கு. அத 'பூன்'னு சொல்லுவோம். ஒருத்தருக்கு உதவி செஞ்சா அது கணக்கு. அல்ப உதவில இருந்து உயிர காப்பாத்தின கடன் வரைக்கும் தரம் பிரிச்சு வெச்சிருக்கு. ஹார்பின்னு ஒரு பதவி, யாரு யாருக்கு என்ன பாக்கின்னு அவங்க கையிலதான் கணக்கு. வாங்கினவன் இல்லன்னு சொன்னா சபையில வெச்சே மானத்த வாங்கிடுவாங்க. அப்பறம் அவன் பேச்சு எடுபடாது. நான் ஒரு வருஷமா மூணு வம்சத்துப் பெரியவங்களுக்கு ஓடி ஓடி வேல பாத்தன். பழைய பிரின்ஸா ஆடின அண்ணன் மாத்தலாகிப் பூனே போயிட்டாரு. எலீசியம்னு ஒரு எடம், அங்க யாரும் கை நீட்டக்கூடாது. அங்க நடுவுல நின்னு நான்தான் பிரின்ஸ்னு சொன்னன். மூணு பேரும் பாக்கிக்காகத் தலைய ஆட்டினாங்க. மூணுல ஒருத்தர் மொறச்சிருந்தாலும் என் கத முடிஞ்சுது.

செல்வி அத்தை: இது மொய் நோட்டுடா

செந்தில் சித்தப்பா: அதேதான் 👍

செல்வி அத்தை: அப்ப ஹார்பி நான்

லட்சுமி: தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவீங்களே

செல்வி அத்தை: சொல்றன். 2014ல எங்க கிரகப்பிரவேசத்துக்குப் பெரியூட்ல இருந்து வந்தது 501. அண்ணன் ஊடு கட்டினப்ப நான் வெச்சது 2001. அது போக வெள்ளி குத்துவெளக்கு

முருகேசன் பெரியப்பா: குத்துவெளக்கு பித்தள.

செல்வி அத்தை: வெள்ளி

செந்தில் சித்தப்பா: ஆரம்பிச்சாச்சு

மணி மாமா: கூழ் ஃபேக்டரிக்காரன் இன்னும் வெல சொல்லல. மரத்துலயே பழுக்குது

திவ்யா: கார்த்தி அண்ணா ஒரு டவுட். மாஸ்கரேட்னா என்ன

கார்த்தி: ஆறு மரபு இருக்கு, அதுல அதுதான் மொதல். நாம வேம்பயர்னு மனுசங்களுக்குத் தெரியவே கூடாது. மீறினா மரண தண்டனை வரைக்கும் போகும்

திவ்யா: நீ ஸ்டேட்டஸ்ல போட்டிருக்க

பிரபு துபாய்: பிரின்ஸ் காலி 😂

கார்த்தி: அது ஆட்டத்துக்கு வெளிய. செல்லாது

முருகேசன் பெரியப்பா: காவேரிப்பட்டணத்துல செல்லும். எடு மொதல்ல.

லட்சுமி: எடுத்துட்டான்

செல்வி அத்தை: அவங்களுக்கு நான் என்னா பதில் சொல்றது

செந்தில் சித்தப்பா: ஆபீஸ்ல டிராமான்னு சொல்லிடு

லட்சுமி: காலேஜ் போட்டோன்னு சொல்லுங்க

கார்த்தி: எதுக்குப் பொய். அவளுக்குப் போன வாரமே சொல்லிட்டன். அடுத்த மாசம் ஆட்டம் பாக்க வரன்னு சொல்லியிருக்கா

லட்சுமி: யாரு

லட்சுமி: பொண்ணுகிட்ட பேசறயா

லட்சுமி: நம்பர் யாரு குடுத்தா

முருகேசன் பெரியப்பா: பெரியவங்க நாங்க போயி ஒரு வார்த்த பேசறதுக்கு முன்னாடியேவா.

பிரபு துபாய்: கேக்காம ஆளு சேக்கறது. அது எத்தனாவது மரபு கார்த்தி

கார்த்தி: மூணாவது

செல்வி அத்தை: நம்பர் நான்தான் குடுத்தன். இப்ப என்னா

முருகேசன் பெரியப்பா: சரி. பூத்தட்டு பெரியூட்ல இருந்து வரும். முன்னாடி உங்க பெரியம்மா எடுத்துட்டுப் போவா.

செல்வி அத்தை: அத்தை நான் கல்லு மாதிரி இருக்கறன். தட்டு என் கையிலதான்

செந்தில் சித்தப்பா: ரெண்டு தட்டு எடுத்துக்கலாம்

லட்சுமி: முன்னாடி எந்தத் தட்டு

மணி மாமா: வேன் 9 மணிக்கா 10 மணிக்கா

முருகேசன் பெரியப்பா: கார்த்தி, அந்த மூணு பேரு பாக்கி இன்னும் இருக்கா, தீந்துச்சா.

கார்த்தி: தீந்துருச்சு பெரியப்பா. அடுத்த மாசம் மூணு பேரும் என்ன கேப்பாங்களோன்னுதான் யோசிச்சிட்டு இருக்கன்

முருகேசன் பெரியப்பா: ஒருத்தர்கிட்ட மிச்சம் வெச்சிருக்கணும்டா.

செல்வி அத்தை: அண்ணா, ஞாயித்துக்கிழம கெளம்பறப்ப அந்தக் குத்துவெளக்க எடுத்து வண்டியில வெய்யி. காவேரிப்பட்டணத்துல ஆசாரி கட திறந்திருக்கும், ஒரசிப் பாத்துடலாம்

மணி மாமா: 9 மணியா