மரம் வெட்டும் தொழில்: முதலில் குட்டியானையா, கயிறும் மெஷினுமா?

காவிரிக்கரை:
கும்பகோணம் பக்கம். ரெண்டு பேர் சேர்ந்து வீட்டு மரம் வெட்டிக் கொடுக்கிற வேலையைச் சொந்தமா எடுக்கப் போறோம். பெரும்பாலும் வேம்பு, தூங்குமூஞ்சி, தென்னை. கையில 3 லட்சம். பழைய டாடா ஏஸ் (குட்டியானை) ஒண்ணு பார்த்து வச்சிருக்கோம், அதுக்கே 2.2 லட்சம் போயிடும். மிச்சத்துல 58 சிசி செயின் சா (மரம் அறுக்கிற மெஷின்) ஒண்ணு, கயிறு. இது சரியா வருமா? கூலியைக் குறைச்சுக்கிட்டு மரத்தை நாமளே எடுத்துக்கிறது லாபமா?

சக்கரம்:
வண்டியை வாங்குங்க தம்பி. வீட்டுக்காரங்க கேக்குற முதல் கேள்வியே "குப்பையை யாரு அள்ளுவா?"ன்னுதான். தழையோட வாசலைச் சுத்தம் பண்ணிக் கொடுக்கிறவனுக்குத்தான் அடுத்த வீட்டு வேலையும் வரும். மழைக்கு முன்னாடி புரட்டாசியில எல்லாரும் ஒரே நேரத்துல கூப்பிடுவாங்க, அப்போ வாடகை வண்டி கிடைக்காது. மொத்த எடை 3,000 கிலோவுக்குள்ள இருக்கிற சரக்கு வண்டிக்கு பர்மிட் வேண்டாம். கார் ஓட்டுற எல்.எம்.வி. லைசென்ஸே போதும், 2024-ல உச்ச நீதிமன்றம் உறுதி பண்ணிடுச்சு.

இழுகயிறு:
லைசென்ஸ் விஷயம் சரி. ஆனால் வண்டியில் என்ன ஏறும் என்று பார்ப்போம். 4 அடி சுற்றளவு, 6 அடி நீளமுள்ள ஒரே ஒரு வேம்புத் துண்டு. உண்மையான கன அளவு ஏறத்தாழ 7.6 கன அடி. பச்சை வேம்பைத் தண்ணீரின் எடைக்குக் கிட்டத்தட்டச் சமமாக வைத்தால் சுமார் 210 கிலோ. ஏஸ் தாங்குவது 750 கிலோ அளவு. மூன்று துண்டு வைத்தால் 630, நான்காவதை வைத்தால் ஓவர்லோடு. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒன்றுக்கு 2,000 தனி. கொப்பு பாடியைத் தாண்டி நீட்டிக்கொண்டு இருந்தாலும் அதே 20,000.

தழைக்கு இடம் போதாது, எடை இருக்காது. அடிமரத்துக்கு இடம் மிஞ்சும், எடை தாங்காது. ஒரே வண்டியில் இரண்டையும் தீர்க்க முடியாது.

சக்கரம்:
அண்ணே, அதுக்குத்தான் தழைக்கும் கொப்புக்கும் ஏஸ், அடிமரத்துக்கு மட்டும் பொலிரோ பிக்கப்போ டிராக்டரோ வாடகைக்குன்னு வைக்கிறது. பக்கப்பலகைக்கு மேல ரெண்டடிக்கு கம்பிவலை அடிச்சா தழை ரெட்டிப்பா ஏறும்.

இழுகயிறு:
தழைக்கு மட்டும் என்றால் கணக்கு இன்னும் இடிக்கும். உதாரணத்துக்கு, வண்டிக்குப் போட்ட பணத்தின் தேய்மானமும் வட்டியும் வருடத்துக்கு 70,000. இன்சூரன்ஸ், எஃப்.சி., டயர், சர்வீஸ் 50,000. மொத்தம் 1,20,000. வருடத்தில் 100 நாள் ஓடினால், டீசல் ஊற்றுவதற்கு முன்பே ஒரு நாளுக்கு 1,200 ரூபாய். 200 நாள் ஓடினால் 600. உங்கள் ஊர் வாடகை எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். புதிதாகத் தொடங்குகிறவருக்கு முதல் வருடம் 200 நாள் வேலை வருவது கஷ்டம்.

அரம்:
வண்டிச் சண்டைக்கு நடுவுல மெஷினை மறந்துட்டீங்க. 58 சிசி மெஷினை 20 அங்குல பாரோட (செயின் சுத்தி ஓடுற நீளத் தகடுதான் பார்) மரத்து மேல தூக்கிட்டுப் போகாதீங்க. மேல 30-32 சிசி, 14 அங்குல பார் போதும். கீழே அடிமரத்துக்குப் பெருசு. காசு ஒண்ணுக்குத்தான்னா முதல்ல சின்னது. பெரிய மெஷினை நாள் வாடகைக்கு எடுங்க.

கூர் பார்க்கிறதுக்கு மெஷின்லேருந்து விழுறதைப் பாருங்க. சீவல் சீவலா விழுந்தா செயின் நல்லா இருக்கு. மாவு மாதிரி தூள் விழுந்தா மழுங்கிடுச்சு. அதோட அழுத்தி அறுத்தா பார் சூடேறி கிளட்ச் போயிடும். சின்ன மெஷின் செயினுக்கு 4 மி.மீ. உருண்டை அரம், 58 சிசியோட வர்ற .325 செயினுக்கு 4.8. பல்லுல இருக்கிற 30 டிகிரி கோட்டுக்கு ஒட்டி, ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில, முன்பக்கமா மட்டும் தள்ளணும். நாலைஞ்சு தடவை ராவினப்புறம் பல்லுக்கு முன்னால இருக்கிற மேட்டையும் தட்டை அரத்தால இறக்கணும், பல்லைவிட 0.65 மி.மீ. தாழ்வா. இதை நிறைய பேர் விட்டுடுறாங்க. பல்லு கூரா இருந்தும் மரத்தைக் கடிக்காம வழுக்குறது இதனாலதான்.

பார் ஆயில்: பெட்ரோல் டேங்க் ஒரு தடவை தீரும்போது ஆயில் டேங்கும் தீர்ற நிலைக்கு வந்திருக்கணும். பாதி மிச்சம் இருந்தா செயினுக்குப் போகலைன்னு அர்த்தம், பாரோட ஓட்டையில தூள் அடைச்சிருக்கும். கழிச்ச இன்ஜின் ஆயிலை ஊத்தாதீங்க, அதுல இருக்கிற இரும்புத் துகள் ஆயில் பம்ப்பைத் தின்னுடும்.

பெட்ரோல்: அதுல 2டி ஆயில் கலந்துதான் ஊத்தணும். மெஷின் கம்பெனியோட 2டி ஆயில்னா லிட்டருக்கு 20 மி.லி.; சாதாரண 2டின்னா 40 மி.லி. கம்பெனிக்குக் கம்பெனி மாறும், புத்தகத்தைப் பாருங்க. இப்போ பங்க்ல வர்றது எத்தனால் கலந்தது, ஈரத்தை இழுக்கும். ஒரு வாரத்துக்கு மேல வேலை இல்லைன்னா டேங்கைக் காலி பண்ணி, மெஷின் தானா அணையிற வரைக்கும் ஓட விடுங்க. இல்லைன்னா கார்ப்பரேட்டருக்குள்ள இருக்கிற டயஃப்ரம் (மெல்லிய சவ்வு) விறைச்சுப் போகும்.

மரவாடி:
விலைக்கு வருகிறேன். மரத்தை எடுத்துக்கொள்வது நல்ல லாபம், அளக்கத் தெரிந்தால். மரவாடியில் சுற்றளவை நாலால் வகுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்குவார்கள். மேலே சொன்ன துண்டு 1 × 1 × 6 = 6 கன அடி. உண்மையில் இருப்பது 7.6. விற்பவருக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கணக்கில் வராமல் போகிறது. அதை மனதில் வைத்து, நேரான, நீளமான அடிமரத்தைக் கன அடியில் பேசுங்கள். கோணல், பொந்து, கிளைக்கட்டை எல்லாவற்றையும் விறகாக எடைக்குப் போடுங்கள், அதுவும் வெட்டிய அன்றே. காயக் காய எடை குறையும்.

இழுகயிறு:
இந்த இடத்தில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை. மரத்தையே கூலியாக எடுத்தால் துண்டு நீளமாக வேண்டும் என்று கை போகும். வீட்டுக்கும் சுவருக்கும் நடுவே நிற்கும் மரத்தில் அந்த 210 கிலோவைக் கயிற்றில் இறக்கப் பார்ப்பார்கள். 12 மி.மீ. பிளாஸ்டிக் கயிறு புதிதாக இருக்கும்போது அறும் பலம் சுமார் 2 டன். முடிச்சு போட்ட இடத்தில் பாதி வரை போய்விடும். கட்டை மூன்றடி விழுந்து கயிறு சட்டென்று பிடித்தால் இழுப்பு எடையைப் போல் பல மடங்கு. கப்பி கட்டிய கிளையில் அது ஏறக்குறைய இரட்டிப்பு. அந்தக் கயிறு மரத்தில் உரசினால் உருகவும் செய்யும்.

இறக்குவதற்கு 16 மி.மீ. பாலியஸ்டர் கயிறு வாங்குங்கள். துண்டு 2 அடிதான், 70 கிலோ. ஏறுகிறவருக்கு ஐ.எஸ். 3521 முத்திரையுள்ள ஹார்னஸ் (உடம்பில் மாட்டும் பாதுகாப்புப் பட்டை), இடுப்பின் இருபக்கமும் வளையத்தோடு. முதுகு வளையம் மட்டும் இருப்பது விழுந்தால் பிடிப்பதற்கு, நின்று வேலை செய்ய உதவாது. மெஷின் ஓடும்போது ஏறியவரை மரத்தோடு பிணைக்க எப்போதும் இரண்டு கட்டுக்கயிறு, ஒன்று உள்ளே எஃகுக் கம்பி வைத்தது.

இரண்டடித் துண்டு விறகுதான், கன அடிக்குப் போகாது. அதனால் நெருக்கமான இடத்தில் முழுக் கூலியைப் பணமாகப் பேசுங்கள்.

மரவாடி:
நெருக்கமான இடத்துக்கு ஒப்புக்கொள்கிறேன். தோட்டம், தரிசு, விழ இடம் இருக்கும் மரம் என்றால் என் கணக்குதான். ஒரே விலையில் இரண்டையும் பேசாதீர்கள். சீட்டில் மூன்று வரி எழுதுங்கள்: வெட்டி இறக்க இவ்வளவு, அள்ளிக்கொண்டு போக இவ்வளவு, மரத்துக்கு நாங்கள் தருவது இவ்வளவு. அடிமரம் பொந்தாக இருந்தால் மூன்றாவது வரி மட்டும் மாறும், கூலி மாறாது. வேர்க்கட்டை தோண்டுவது தனி விலை.

காவிரிக்கரை:
நன்றிங்க. அப்போ வண்டியை இந்த வருஷம் தள்ளி வைக்கிறோம். தென்னைக்கும் இதே கணக்கா?

சக்கரம்:
புரட்டாசிக்கு முன்னாடியே ஒரு வண்டிக்காரர்கிட்ட நாள் கணக்குல பேசி அட்வான்ஸ் கொடுத்து வச்சுக்கங்க. அது இல்லாம தள்ளி வைக்காதீங்க.

அரம்:
தென்னை வேற. வெளிப்பக்கம் கட்டி, உள்ளே சோறு. செயின் சீக்கிரம் மழுங்கும், ரெண்டு செயின் ராவித் தயாரா வச்சுக்கங்க. ஏறுறதுக்கு முன்னாடி தண்டைச் சுத்திப் பாருங்க. ஓட்டையிலேருந்து பழுப்புச் சாறு வடிஞ்சு நார் சக்கையா தள்ளியிருந்தா சிவப்புக் கூன்வண்டு உள்ளே குடைஞ்சிருக்கு. அதுல ஏறவே கூடாது, கிரேன்தான். அந்தச் செலவை முதல்லயே சொல்லிடுங்க. மட்டை மின்கம்பியைத் தொடுற தூரம்னா ஈ.பி.யில எழுதிக்கொடுத்து லைனை நிறுத்தின பிறகுதான் வேலை. பனைன்னா கலெக்டர் அனுமதி இல்லாம வெட்டக் கூடாது, 2021-லேருந்து அப்படித்தான். அந்தக் காகிதத்தைக் கண்ணால பார்க்காம அட்வான்ஸ் வாங்காதீங்க.