சீலுக்குத் தமிழ்: அடைப்பானா, கசிவடக்கியா?

அண்ணன்,

நீங்கள் தமிழாக்கும் ஜெட் எஞ்சின் பாடத்தில், இடுக்கில் எண்ணெய், காற்றுக் கசிவைப் பார்த்துக்கொள்ளும் உறுப்பான சீலுக்கு 'முத்திரை' என்று போடாததற்கே ஒரு கும்பிடு. ஆனாலும் நீங்கள் போட்ட 'அடைப்பான்' இடிக்கிறது.

ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரில் எங்கள் மாமாவுக்கு விசைப்படகு எஞ்சின் வேலை. போன மாதம் புதுப் பையன் ஒருவன், ஷாஃப்ட் வெளியேறும் இடத்தில் தண்ணீர் சொட்டுகிறதே என்று, அங்கே சுற்றிய கயிற்றை அழுத்தும் கிளாண்டு நட்டை இறுக்கோ இறுக்கென்று இறுக்கிவிட்டான். கிளம்பிய படகு அரை மணியில் திரும்பியது. உள்ளே அந்தக் கயிறு கருகி, ஷாஃப்ட்டில் நகம் மாட்டுமளவுக்கு வரி. "சொட்டணும்டா. சொட்டு நின்னா ஷாஃப்ட் போச்சு" என்றார் மாமா.

ஜெட் எஞ்சினின் லேபிரிந்த் சீலும் கசிந்தே வேலை செய்கிற ரகம்தான். தண்டை, அதாவது ஷாஃப்ட்டைச் சுற்றிக் கத்திமுனைப் பற்கள் வரிசையாக இருக்கும், எதிர்ச்சுவரைத் தொடாது. கம்ப்ரசரிலிருந்து பிரித்தெடுத்த காற்று அந்த இடுக்கில் புகுந்து, பல்லுக்குப் பல் அழுத்தம் குறைந்து, பேரிங் அறைக்குள் போய்க்கொண்டே இருக்கும். காற்று உள்ளே வருவதால்தான் எண்ணெய் வெளியே வருவதில்லை. சோதனை மேடையிலும் கசிகிறதா என்று பார்ப்பதில்லை. சூடான காற்றைக் கொடுத்து, தண்டைச் சுழலவிட்டு, இன்ன அழுத்த வேறுபாட்டில் எவ்வளவு கசிகிறது என்று அளக்கிறார்கள். அடைக்காததற்கு அடைப்பான் என்று பெயரா?

கசிவை நிறுத்துவதில்லை, அடக்கி வைக்கிறது. ஆகவே 'கசிவடக்கி'. லேபிரிந்த் சீல் நெளிவழிக் கசிவடக்கி, கம்பிமுடிகள் கொண்ட பிரஷ் சீல் தூரிகைக் கசிவடக்கி.

அப்புறம், லூப்ரிகன்ட்டுக்கு 'மசகு எண்ணெய்' வேண்டாம். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கைப் பத்திரிகைகளில் அது கச்சா எண்ணெய். உயவெண்ணெய் போதும். எஞ்சினை நிறுத்தியதும் எண்ணெய் ஓட்டம் நின்றுவிடும், சூடு மட்டும் உள்ளே பரவும். தங்கிய எண்ணெய் குழாய்ச் சுவரில் கறுப்பாய்ப் படிந்து இறுகும். அந்தக் கோக்கிங்குக்கு 'கரிகட்டுதல்'. அடுப்படியில் எல்லோரும் சுரண்டியதுதானே.

---

தம்பி,

கசிவடக்கி சரி. ஆனால் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் கசியவே கூடாதே, அதை என்ன சொல்வாய்? இன்னொன்று. வள்ளத்தில் பலகை மூட்டுக்குப் பஞ்சுத்திரியும் குங்கிலியமும் வைத்து அடிக்கும் 'கலப்பத்து' உங்கள் கரைச் சொல் இல்லையா? கேஸ்கட்டுக்கு அதை எடுத்துக்கொள்ளலாமே.

---

அண்ணன்,

ஓ-ரிங் பெரும்பாலும் அசையாத மூட்டில் உட்காருவது. அங்கே உங்கள் அடைப்பானே இருக்கட்டும்: 'அடைப்பு வளையம்'. பாடத்தில் வரும், நைட்ரைல் ரப்பர் 120 டிகிரி செல்சியஸை ஒட்டியே கெட்டுவிடும், ஃப்ளூரோ ரப்பர் 200 வரை தாங்கும் என்ற வரியிலும் இந்தச் சொல் தடுக்காமல் ஓடுகிறது.

கலப்பத்து கேஸ்கட்டுக்குப் பொருந்தாது. கேஸ்கட் வெட்டி எடுத்த தகடு, கழற்றி மாற்றலாம். கலப்பத்து இடுக்கில் திணித்து இறுகவிடுவது. அதை, டியூபிலிருந்து பிதுக்கி இடுக்கில் பூசும் சீலன்ட்டுக்கு வைக்கலாம் என்று தோன்றுகிறது. மாமாவிடம் சீலன்ட் டியூபைக் காட்டி, "இதுக்குக் கலப்பத்துன்னு பேர் வச்சா?" என்று கேட்டேன். "வேற என்னன்னு வைப்ப?" என்றார்.