புதுப்பிப்பு: நாவல் கைப்பிரதியை எந்தப் பதிப்பகத்துக்கு அனுப்புவது?

என் முதல் நாவலை வெளியிட 40,000 ரூபாய் கேட்ட ஒரு பதிப்பகத்துக்குப் பணம் கட்டலாமா என்று சென்ற டிசம்பரில் கேட்டிருந்தேன். கட்டவில்லை. ஒப்பந்தத்தை முதலில் படிக்கச் சொன்ன நண்பர்களுக்கு மனமார்ந்த நன்றி.

தமிழில் எழுத்தாளர் சார்பில் பதிப்பகங்களிடம் பேசும் இலக்கிய முகவர்கள் அநேகமாக இல்லை என்பதால், விசாரிக்கும் வேலை முழுவதும் எழுதுபவர் தலையில்தான் விழுகிறது. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் 2 நாட்கள் அரங்கு அரங்காக நின்று, நாவல்களின் தலைப்புப் பக்கத்துக்குப் பின்புறத்தையே படித்தேன்: உரிமை ஆசிரியருக்கா பதிப்பகத்துக்கா, முதல் பதிப்பு எப்போது, மறுபதிப்பு வந்ததா. ஓர் அரங்கில் எடுத்த மூன்று நூல்களிலும் முதல் அத்தியாயத்திலேயே ஒற்றுப்பிழைகள் மலிந்திருந்ததால், அந்தப் பெயரைக் குறிப்பேட்டில் அடித்துவிட்டேன்.

பின்னர், பணம் கேட்ட அந்தப் பதிப்பகத்தின் ஒப்பந்தத்தை 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தோடு ஒப்பிட்டேன். 19ஆம் பிரிவின்படி, உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், எல்லையைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். எனக்கு வந்த தாளிலோ "அனைத்து உரிமைகளும் நிரந்தரமாக" என்றிருந்தது. மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் எல்லாவற்றையும் அந்த ஒரே வரி கொண்டுபோய்விடும். நூலை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கென 3,000 ரூபாய் தனியாகப் போட்டிருந்தார்கள். இந்தியாவில் அதை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணமின்றியே வழங்குகிறது.

இப்போது மூன்று பதிப்பகங்கள் மிஞ்சியுள்ளன. ராயல்டிக் கணக்கு (விற்பனையில் எழுத்தாளருக்குரிய பங்கின் கணக்கு) ஆண்டுதோறும் வருகிறதா என்று அவற்றின் எழுத்தாளர்களிடம் விசாரித்ததில், ஒன்றைப் பற்றி மட்டும் தயக்கமின்றி "வருகிறது" என்றார்கள். மூன்று அத்தியாயங்களையும் ஒரு பக்கச் சுருக்கத்தையும் திங்கட்கிழமை அங்கே அனுப்பியிருக்கிறேன்.