'நிற மீக்கடத்தல்' போதுமா? கலர் சூப்பர்கண்டக்டிவிட்டிக்குச் சொல் தேடல்

வணக்கம். கலர் சூப்பர்கண்டக்டிவிட்டிக்கு 'நிற மீக்கடத்தல்' என்ற சொல் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். மின்தடையே இல்லாமல் மின்சாரம் பாய்வது மீக்கடத்தல்; அதைப் போலவே குவார்க்குகள் இணை சேரும் நிலைக்குத்தான் இந்தப் பெயர்.

'நிற மீக்கடத்தி' என்றால் நிறமுள்ள ஒரு மீக்கடத்தி என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். புரோட்டான், நியூட்ரானுக்குள் இருக்கும் துகளான குவார்க்கின் நிறம் கண்ணுக்குத் தெரிவதன்று. மின்காந்த விசைக்கு மின்னூட்டம் எப்படியோ, குவார்க்குகளைக் கட்டிவைக்கும் வலுவிசைக்கு அது அப்படி. ஆகவே 'நிறவூட்ட மீக்கடத்தல்' என்பது என் பரிந்துரை.

உலோகத்தில் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குபவை. படிக அதிர்வு இடையில் புகுந்தால்தான் அவை இரண்டிரண்டாகச் சேர்ந்து, மீக்கடத்தலுக்குக் காரணமான கூப்பர் இணை உண்டாகும். அணுக்கருவைவிடப் பல மடங்கு அடர்ந்த குவார்க் பொருளில் அந்த இடைத்தரகர் வேண்டியதில்லை. இரு குவார்க்குகளின் நிறங்கள் எதிர்ச்சமச்சீராக, அதாவது இடம் மாற்றினால் குறி மாறும்படி சேர்ந்தால் (சிவப்பு-பச்சை கழித்தல் பச்சை-சிவப்பு) வலுவிசையைச் சுமக்கும் துகளான குளுவானின் பரிமாற்றமே ஈர்ப்பாகிவிடுகிறது. இணையை உடைக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று காட்டும் ஆற்றல் இடைவெளி 10 முதல் 100 மெகா எலக்ட்ரான்வோல்ட் வரை மதிப்பிடப்படுகிறது. 10 என்றே கொண்டாலும் மாறுநிலை வெப்பநிலை (இதற்குக் கீழேதான் இணைகள் நிலைக்கும்) ஏறத்தாழ 6,600 கோடி கெல்வின். வயதான நியூட்ரான் விண்மீனின் உள்ளகம் இதைவிட மிகக் குளிர்ந்தது; அங்கே குவார்க் பொருள் இருந்தால் இந்த நிலையில் இருக்கலாம்.

> ஐயா, 'நிறவூட்டம்' என்றதும் தின்பண்டத்தில் சேர்க்கும் நிறமூட்டி நினைவுக்கு வருகிறதே? 'நிற மின்னூட்டம்' ஆகாதா?

புணர்ச்சியைப் பாருங்கள். நிறத்தை ஊட்டுவது நிறமூட்டி, மகரம் நிற்கிறது. நிறமாகிய ஊட்டம் நிறவூட்டம். மகரம் கெட்டு வகரம் வருகிறது. சொல்லே வேறுபாட்டைக் காட்டிவிடுகிறது.

'மின்' மட்டும் கூடவே கூடாது. 1998இல் அல்ஃபோர்டு, ராஜகோபால், வில்செக் ஆகிய இயற்பியலாளர் மூவரும் முன்வைத்த நிலையில் மேல், கீழ், விந்தை ஆகிய மூன்று குவார்க் வகைகளும் (வகையைச் 'சுவை' என்பார்கள்) இணை சேர்கின்றன. எட்டுக் குளுவான்களுக்கும் நிறை வந்துவிடும். ஆனால் ஒளியன் (ஃபோட்டான்) ஒரு குளுவானோடு சற்றே கலந்து நிறையின்றி எஞ்சுகிறது. அதனால் காந்தப்புலத்தின் பெரும்பகுதி தடையின்றி உள்ளே நுழையும். போதிய அளவு குளிர்ந்தபின் அந்தப் பொருள் மின்சாரத்தைக் கடத்துவதே இல்லை! பெயரில் 'மின்' இருந்தால் மாணவர் 'மின்தடை சுழி' என்று எழுதிவிடுவார்.

> அந்த நிலைக்குப் பெயர்? கலர்-ஃபிளேவர் லாக்கிங். 'நிறச்சுவைப் பிணைப்பு' என்று குறித்து வைத்திருக்கிறேன்.

பிணைப்பு என்றால் வேதியியல் பிணைப்பு என்றோ குவார்க் இணை என்றோ பொருள்படும். 'நிறச்சுவைப் பூட்டு' என்போம். அங்கே சுவையை மட்டும் சுழற்றினால் நிலை குலையும். நிறத்தையும் ஈடாக எதிர்த்திசையில் சுழற்றினால்தான் மாறாமல் இருக்கும். சாவி போட்டுத் திறக்கும் பூட்டு அல்ல இது; ஏர் பூட்டுகிறோமே, அந்தப் பூட்டு. ஒன்று நகர்ந்தால் மற்றதும் நகர வேண்டும்.