பிறீஸ்டைல் நீந்திறவை: தண்ணிக்குள்ள வீடியோ எடுத்துப் பார்த்தனீங்களோ?

நல்லூரில இருந்து:

நான் நீந்திறதை விட மற்றவையைப் படம் பிடிக்கிறதுதான் கூட. மருமகனும் அவன்ர கூட்டாளியளும் பழகப் போகேக்க கமராக்காரன் நான்தான். கண்டதை எழுதிறன், நீங்களும் எழுதுங்கோ.

பிறீஸ்டைல் நீந்திறவனுக்குத் தன்ர கை எங்க போகுதெண்டு தெரியாது. நேராத்தான் போடுறன் எண்டு சத்தியம் பண்ணுவான். முன்னால கமராவை வைச்சுப் பார்த்தால் வலக்கை மூக்கைத் தாண்டி இடப்பக்கம் போய் விழும். அதால இடுப்பு நெளியும், காலும் விரியும். கரையில நிண்டு பார்க்கிற கோச்சுக்கு இதில பாதிதான் தெரியும்.

எங்கட பெடியளில ஒருத்தன் கடற்கரையில பிறந்து வளர்ந்தவன். கடலில அவனைப் பிடிக்க ஏலாது. சுவிமிங் பூலுக்கு வந்தால் சின்னப் பெடியளும் அவனை முந்துவாங்கள். "தலையைத் தாழ்த்தடா" எண்டு கோச் கத்துவார். "தாழ்த்தித்தானே சேர் நீந்திறன்" எண்டு இவன் சொல்லுவான். பக்கத்தில இருந்து எடுத்த வீடியோவைப் போட்டுக் காட்டினன். நெற்றி நிமிர்ந்து நிக்குது, கால் ரெண்டும் கீழ இழுபடுது. "உது நானே?" எண்டு கேட்டான். பிறகு கதையே இல்லை.

காரணம் உப்புத்தண்ணிதான். கடல் தண்ணி நல்ல தண்ணியை விட ஏறக்குறைய 2.5 சதவீதம் அடர்த்தி கூட. அது காலைத் தூக்கிக் குடுக்கும், பிழை மறைஞ்சிடும். அலைக்குள்ள வழி பார்க்கத் தலை நிமிர்த்துற பழக்கமும் சேர்ந்துட்டுது. அதை அடியோட விடச் சொல்லேல்லை, கடலில அது வேணும். ஆனால் ஒவ்வொரு கைக்கும் நிமிரத் தேவையில்லை. இடைக்கிடை கண்ணை மட்டும் வெளியில எடுத்துப் பார்த்திட்டு, மூச்சைப் பக்கத்தால எடுத்தால் காணும்.

பக்கத்து வீடியோவில நான் முதல் பார்க்கிறது முழங்கைதான். கை உள்ள போன உடன முழங்கை மேல நிண்டு, உள்ளங்கை பின்னுக்குத் திரும்ப வேணும். கனபேர் நீட்டின கையால தண்ணியைக் கீழ அமத்துவினம். அப்ப நெஞ்சுதான் எழும்பும், ஆள் முன்னுக்குப் போகார். மூச்செடுக்கேக்க கால் கத்தரிக்கோல் மாதிரி விரியுதோ எண்டு பார்க்கப் பின்னால இருந்து எடுக்க வேணும்.

உது புதுசு இல்லை. அமெரிக்காவில இந்தியானா பல்கலைக்கழகத்து நீச்சல் கோச் டொக் கவுன்சில்மன் 1960களிலயே தண்ணிக்குக் கீழ இருந்து படம் எடுத்தவர். பெரிய நீச்சல்காரரின்ர கை நேரா இழுக்கேல்லை, வளைஞ்சு போகுதெண்டு அதில கண்டார். 1972 மியூனிக்கில 7 தங்கம் எடுத்த மார்க் ஸ்பிட்ஸ் அவர் பழக்கின ஆள். பிறகு எல்லாரும் அந்த வளைவை வேணுமெண்டு கீறப் போய்க் கெடுத்தினம். உடம்பு உருளேக்க அது தன்பாட்டில வரும்.

அதே கவுன்சில்மன் 1979இல, 58 வயசில, ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தவர். எங்கட ஆழிக்குமரன் ஆனந்தன் 1984இல உயிரை விட்டதும் அதே கால்வாயில. 1971இல பாக்கு நீரிணையைப் போய்த் திரும்ப 51 மணித்தியாலம் நீந்தின அந்தக் கையைக் கீழ இருந்து பார்க்க எனக்குச் சரியான ஆசை.

பருத்தித்துறையில இருந்து:

அண்ணை, கமரா வாங்க வசதி இல்லாதவை போனைத் தண்ணி போகாத உறையில போட்டு எடுக்கலாம். ஆனால் தண்ணிக்குள்ள திரையைத் தொட்டால் வேலை செய்யாது. வெளியிலயே ரெக்கோடிங்கைத் தொடக்கிப் போட்டு இறக்குங்கோ. போனில ஐபி68 எண்டு, அதாவது தண்ணி தாங்குமெண்டு, போட்டிருக்கெண்டு நம்பி வெறும் போனைக் கடலில இறக்காதேங்கோ, அது நல்ல தண்ணிக்குச் சொன்ன கணக்கு.

மானிப்பாயில இருந்து, ஒரு அம்மா:

என்ர மகளின்ர வீடியோவை ஒருத்தர் எங்களைக் கேளாமல் வாட்ஸ்அப் குறூப்பில போட்டிட்டார். நீச்சல் உடுப்போட நிக்கிற பிள்ளை! அண்டையில இருந்து என்ர போனில மட்டும்தான் எடுக்க விடுறன். கோச் பார்ப்பார், மகள் பார்ப்பா, பிறகு அழிச்சிடுவன். தங்கச்சிமார், முதலே சொல்லி வையுங்கோ.

இன்னொண்டு. வீடியோவைப் பார்த்த உடன அவ கை, கால், தலை எல்லாத்தையும் ஒரே நாளில திருத்த வெளிக்கிட்டா. நீச்சலே குழம்பிப் போச்சு. இப்ப கோச் ஒரு கிழமைக்கு ஒரு விசயம்தான் சொல்லுறார், அது சரியா வருது.

சுன்னாகத்தில இருந்து:

கீரிமலைக் கேணியில எடுக்கலாமோ? எவ்வளவு தூரத்தில நிக்க வேணும்?

நல்லூரில இருந்து:

தம்பி, கேணியில வேண்டாம். சனம் பிதிர்க்கடன் செய்து தோய வாற இடம், அதுக்குள்ள கமராவோட நிக்கிறது வடிவில்லை. காலமை வெள்ளெனக் காரைநகர் கசூரினாக் கடற்கரைக்குப் போங்கோ, ஆழம் குறைவு. காத்து எழும்பினால் மணல் கலங்கி ஒண்டும் தெரியாது.

தூரம் மூண்டு நாலு மீற்றர் வேணும். தண்ணிக்குள்ள எல்லாம் மூண்டில ஒரு பங்கு பெரிசாத் தெரியும், கிட்ட நிண்டால் காலோ தலையோ வெட்டுப்படும். கமரா மேல்தண்ணியில இருந்து அரை மீற்றர் கீழ இருக்கட்டும். செக்கனுக்கு 120 பிறேம் வைச்சால் மெதுவா ஓட்டிப் பார்க்கலாம். களைக்க முதல் ஒருக்கா எடுங்கோ, பழகி முடியிற நேரம் ஒருக்கா எடுங்கோ. களைச்ச பிறகு எடுத்ததிலதான் முழங்கை விழுறது தெரியும்.